நாலு பேர் மட்டும் இடப்பக்கம்

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் நாம் விட்டுவிட்டுப் போனபோது சின்ன டீச்சர் ஒரு பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தாள். இறங்கிவிட்டாள். தலைமையாசிரியை கதவைத் திறந்த பிறகு அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்கு வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடலாம். ஒரே வீட்டில் மூன்று பேர், மூவருமே சொல்லிக்கொடுப்பவர்கள். சின்ன டீச்சர் மூன்றாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு. அவளுடைய நாத்தனார், பெரிய டீச்சர், வேறொரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு. நடுவில் ஒருவன்: ஒருத்திக்குக் கணவன், இன்னொருத்திக்குத் தம்பி. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிப் பள்ளியில் வேலை. வெளியில் அவனை மாஸ்டர் என்பார்கள். வீட்டில் அவனை யாரும் எதுவும் கூப்பிடுவதில்லை, தேவையில்லாத நேரத்தில் தானாகவே வந்து நிற்பான் என்பதால்.

சின்ன டீச்சரின் வகுப்பில் பெஞ்சுகளுக்குச் சுவரோரம்தான் இடம். நடுவில் பிள்ளைகள். ஏழாம் வாய்ப்பாடு என்றால் ஆறு அடி பூனை நடை, ஏழாவது அடிக்கு ஒரு யானை மிதி. பின்னம் என்றால் அரைச் சுற்று, கால் சுற்று. கடிகாரம் என்றால் உடம்பேதான் கடிகாரம்: தலை பன்னிரண்டு, வலப்பக்கம் மூன்று, பாதம் ஆறு, இடப்பக்கம் ஒன்பது, கைகள் இரண்டும் முட்கள். மூன்றே கால் என்றால் இரண்டு கையும் வலப்பக்கம் நீளும்.

கீழ்த்தளத்தில் இருக்கும் தலைமையாசிரியை, யானை மிதிகளை மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் அதிர்வதைப் பார்த்து எண்ணிக்கொள்வார். போன வாரம் எண்ணிக்கை கைமீறிப் போகவே மேலே ஏறி வந்து ஒரு முடிவைச் சொன்னார். வட்டாரத் தேர்வு வரைக்கும் பொறுப்பார். பிள்ளைகள் ஒழுங்காக எழுதினால் பெஞ்சுகள் சுவரோரம் இருக்கலாம். ஏதாவது கோளாறு என்றால் பெஞ்சுகள் நடுவுக்கு வரும், சின்ன டீச்சர் நூலக அறைக்குப் போவாள். நூலக அறையில் புத்தகங்களை விட பழைய நாற்காலிகள் அதிகம்.

வட்டாரத் தேர்வு இன்று.

காலை ஏழு மணிக்கு மாஸ்டர் தன் அக்காவுக்கு இருபத்து மூன்றாவது முறையாகக் காரை எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். பயிற்சி வண்டி. இரண்டு பக்கமும் க்ளட்ச், இரண்டு பக்கமும் பிரேக். பெரிய டீச்சரின் மடியில் ஒரு நோட்டு. அதில் காரை எடுக்கும் முறை பதினோரு படிகளாக, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு எழுதப்பட்டிருந்தது.

"படி ஆறு. க்ளட்சை மெதுவாக விடவும்," என்று படித்தாள். விட்டாள். வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

"மெதுவான்னு எழுதி வச்சிருக்கியே, எவ்வளவு மெதுவான்னு எழுதலையா?"

"புத்தகத்துல அவ்வளவுதான் போட்டிருந்தது."

"அது புத்தகத்துல இருக்காதுக்கா. காலுக்குத்தான் தெரியும்."

"என் காலு படிச்சதில்லை. நான்தான் படிச்சிருக்கேன்."

பெரிய டீச்சரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அவள் வகுப்பில் கொசுகூடக் கை தூக்கி அனுமதி கேட்டுவிட்டுத்தான் கடிக்கும் என்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அவள் பிள்ளைகள் முதுகு நிமிர்ந்து, கை கட்டி, அசையாமல் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். அசைகிற பிள்ளையின் காதுக்குள் பாடம் போகாது என்பது அவள் கட்சி. இதை அவள் வகுப்பில் நடந்துகொண்டேதான் சொல்வாள்.

பின்சீட்டில் சின்ன டீச்சர் அட்டையில் வெட்டிய கடிகார முட்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இன்னைக்கு உங்களுக்கு எந்த ஸ்கூல்ல எக்ஸாம் டூட்டி?"

"உங்க ஸ்கூல்."

"எந்த க்ளாஸ்?"

"மூணு பி."

வண்டி மறுபடியும் நின்றது. இந்த முறை மாஸ்டரின் பக்கத்து பிரேக்கால்.

"அது நம்ம வீட்டு ஆளோட க்ளாஸ் ஆச்சே," என்றான்.

"கல்வி ஆபீசுக்கு போன் பண்ணிச் சொல்லிட்டேன். என் தம்பி பொண்டாட்டி க்ளாஸ், எனக்கு வேண்டாம்னு. 'அப்ப இன்னும் கண்டிப்பாத்தான் இருப்பீங்க, நீங்களே போங்க'ன்னுட்டாங்க."

ஆபீஸ் சரியாகத்தான் கணித்திருந்தது.

பள்ளி வாசலில் இறங்கியதும் பெரிய டீச்சர் கைப்பையிலிருந்து விதிமுறைத் தாளை எடுத்தாள். "விதி ஒன்பது. அறிக்கை அனுப்பும் வரை கண்காணிப்பாளர் வகுப்பாசிரியரோடு பேசக் கூடாது. இப்ப மணி எட்டரை. இதுக்கப்புறம் நீ யாரோ, நான் யாரோ."

"சரி அண்ணி."

பதில் வரவில்லை. விதி ஒன்பது அமலுக்கு வந்துவிட்டது.

*

பத்து மணிக்குத் தேர்வு. சின்ன டீச்சரை மாடியின் மறுகோடியில் பதிவேடு எழுத அனுப்பியிருந்தார்கள். பெஞ்சுகள் நான்கு மாதத்தில் முதல் முறையாக வரிசையில் நின்றன. அவற்றுக்கே அது பழக்கம் விட்டுப்போயிருந்ததால் ஒன்று மட்டும் ஆடியது. இருபத்தெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். மூன்றாம் வகுப்பு என்பதால் கேள்விகளைக் கண்காணிப்பாளரே ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். பிள்ளைகள் கேட்டு, தாளில் உள்ள படத்தைப் பார்த்து எழுத வேண்டும்.

முதல் ஐந்து கேள்விகள் வாய்ப்பாடு. பெரிய டீச்சர் வாசித்தாள். எங்கிருந்தோ தட், தட் என்று மெல்லிய சத்தம். குனிந்து பார்த்தாள். இருபத்தெட்டு ஜோடிச் செருப்புகள் பெஞ்சுக்கடியில் பூனை நடை நடந்துகொண்டிருந்தன, உட்கார்ந்த இடத்திலேயே.

"காலை ஆட்டக் கூடாது."

சத்தம் நின்றது. எழுதுவதும் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கால் கட்டைவிரல் மட்டும் அசையத் தொடங்கியது. கட்டைவிரலைப் பற்றி விதிமுறையில் ஒன்றும் இல்லை.

ஆறாவது கேள்வியிலிருந்து கடிகாரம். எண்கள் போடாத வட்டம், இரண்டு முட்கள் மட்டும்.

"ஆறாவது கேள்வி. படத்தில் உள்ள கடிகாரம் காட்டும் மணி என்ன?"

பெரிய டீச்சர் நிமிர்ந்தாள். அப்போது அவள் கண்ட காட்சியை அவளே பிறகு தன் நோட்டில் 'அசாதாரணமானது' என்று எழுதினாள். திருப்பத்தில் வளையும் பேருந்தில் இருப்பவர்களைப் போல இருபத்து நாலு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தார்கள். கடைசி பெஞ்சில் நாலு பேர் மட்டும் இடப்பக்கம் சாய்ந்தார்கள். பிறகு எல்லோரும் நிமிர்ந்து எழுதினார்கள்.

ஏழாவது கேள்வி. இந்த முறை வேறு சாய்வு. மறுபடியும் அந்த நாலு பேர் எதிர்ப்பக்கம்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. இருபத்து நாலு பேர் கேட்கிறார்கள், நாலு பேர் பதில் சொல்கிறார்கள். சைகை. இருபத்திரண்டு வருடத்தில் துண்டுச் சீட்டைப் பார்த்திருக்கிறாள், உள்ளங்கையில் எழுதியதைப் பார்த்திருக்கிறாள், அழிப்பானுக்குள் எழுதி வைத்தவனைக்கூடப் பார்த்திருக்கிறாள். ஒரு வகுப்பு முழுக்கச் சேர்ந்து சாய்ந்ததை இப்போதுதான் பார்க்கிறாள். அவளுக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

நோட்டை எடுத்து, வரிசை எண் இருபத்தைந்து முதல் இருபத்தெட்டு வரை என்று குறித்துக்கொண்டாள்.

*

மதியம் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். 'கேள்வி' என்று எல்லோரும் கூப்பிடும் பெண், கடைசி பெஞ்சுக்காரி, நேராகப் பதிவேடு அறைக்கு வந்தாள்.

"டீச்சர், அந்த மிஸ் ஏன் எங்களையே பாத்தாங்க?"

"நல்லா எழுதுறீங்களான்னு பாத்திருப்பாங்க."

"நல்லாத்தான் எழுதினோம். நீங்க சொன்ன மாதிரி தோளுக்கு மட்டும் தெரியற அளவுக்குத்தான் அசைஞ்சோம். அப்புறம் ஏன் அவங்க முகம் அப்படி இருந்துச்சு?"

"எப்படி?"

கேள்வி முகத்தை அப்படி வைத்துக் காட்டினாள். சின்ன டீச்சருக்கு அந்த முகம் தெரியும். வீட்டில் பால் திரிந்தால் வரும் முகம்.

மூன்றரை மணிக்குத் தலைமையாசிரியையின் அறையிலிருந்து சேதி வந்தது. சேதியைக் கொண்டுவந்த அலுவலக உதவியாளர் அம்மா கதவோரமே நின்று சொன்னாள். "உங்க க்ளாஸ் மேல முறைகேடுன்னு எழுதப் போறாங்களாம் டீச்சர். ஆறு மணிக்குள்ள ரிப்போர்ட் போயிடணுமாம். போனா இருபத்தெட்டு பசங்க சர்டிபிகேட்லயும் அந்த வார்த்தையை அச்சுல போட்டுடுவாங்களாம். அஞ்சு வருஷத்துக்கு அழிக்க மாட்டாங்களாம்."

சின்ன டீச்சருக்கு நூலக அறை மறந்துபோயிற்று. எட்டு வயதுப் பிள்ளையின் சான்றிதழில் முறைகேடு என்று அச்சில் இருந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் நினைத்துப் பார்த்தாள். அந்த வார்த்தையைக் 'கேள்வி'க்கு இன்னும் எழுதக்கூடத் தெரியாது.

*

நாலரை மணிக்கு இருவரையும் அழைத்துப்போக மாஸ்டர் வந்தபோது, மூன்று பி வகுப்பில் ஒரு கோடியில் அக்கா, மறுகோடியில் மனைவி. நடுவில் ஏழு வரிசை காலி பெஞ்சுகள். அக்காவின் முன்னால் விடைத்தாள்களும் ஒரு படிவமும் விரிந்திருந்தன. முறைகேடு என்று எழுதினால் ஐந்தாவது கட்டத்தில் ஒத்துப்போகும் விடைகளைக் குறிக்க வேண்டும். அதற்காகத் தாள்களைத் தலைமையாசிரியையின் கையெழுத்தோடு பிரித்திருந்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"

"உன் பொண்டாட்டியோட நான் பேசக் கூடாது," என்றாள் பெரிய டீச்சர். "விதி ஒன்பது."

"நான் பேசலாமா?"

பெரிய டீச்சர் விதிமுறைத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "டிரைவிங் மாஸ்டரைப் பத்தி ஒண்ணும் போடலை."

மாஸ்டர் நடு வரிசையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தான். மூன்றாம் வகுப்பு பெஞ்ச். முழங்கால் தாடையைத் தொட்டது.

"ஏங்க," என்றாள் சின்ன டீச்சர், "என் பசங்க காப்பி அடிக்கலைன்னு உங்க அக்காகிட்ட சொல்லுங்க. யோசிக்கிறப்ப அசைவாங்க, அவ்வளவுதான்."

"அக்கா, யோசிக்கிறப்ப அசைவாங்களாம்."

"கேட்டுச்சு. யோசனை எல்லாருக்கும் ஒரே செகண்டுல வருமான்னு கேளு."

"யோசனை ஒரே—"

"கேட்டுச்சுங்க. கேள்வியை ஒரே செகண்டுல வாசிச்சா ஒரே செகண்டுலதான் யோசிப்பாங்கன்னு சொல்லுங்க."

மாஸ்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். "ரிவர்ஸ் எடுக்கறப்பகூட இவ்வளவு திரும்பினது இல்லை."

"சரி," என்றாள் பெரிய டீச்சர். "யோசனைன்னே வச்சுக்கோ. அப்ப கடைசி பெஞ்சுல நாலு பேர் மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் சாஞ்சாங்க? எல்லாரும் வலப்பக்கம், அவங்க இடப்பக்கம். ஒரு தடவை இல்லை, கடிகாரம் வந்தப்ப எல்லாம். அவங்கதான் பதில் அனுப்புற ஆளுங்க. இதுக்கு என்ன சொல்றான்னு கேளு."

மாஸ்டர் மனைவியின் பக்கம் திரும்பினான்.

சின்ன டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் தரையில் ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்ச் நாலு பேர். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியதும் நடுவில் இருபத்து நாலு பேருக்குத்தான் இடம் இருந்தது. மீதி நாலு பேரை, "நீங்க இங்க வாங்கடா," என்று கரும்பலகைப் பக்கம், தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டது அவள்தான். அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. டீச்சருக்குப் பக்கத்திலேயே நிற்கிறோம் என்று.

பக்கத்தில்தான். ஆனால் முதுகுப் பக்கத்தில்.

எதிரில் நிற்கும் பிள்ளைகள் கண்ணாடி பார்ப்பது போல் அவளைப் பார்த்து அசைவார்கள். அதனால் அவள் 'வலது' என்று சொல்லித் தன் இடது கையை நீட்டுவாள். நாலு மாதமாக இதே பழக்கம். இப்போதெல்லாம் தெருவில் வழி கேட்பவர்கள் அவள் சொல்லைக் கேட்பதா கையைப் பார்ப்பதா என்று தெரியாமல் அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்கள். எதிரில் இருந்த இருபத்து நாலு பேரும் சரியாக வலது கையை நீட்டினார்கள். பின்னால் இருந்த நாலு பேர், அவள் முதுகைப் பார்த்து, அவள் நீட்டிய கையையே நீட்டினார்கள். இடது கையை.

சொல்லாமல் இருந்துவிடலாம். சொன்னால் வகுப்பே தப்பாகச் சொல்லிக்கொடுத்த வகுப்பு ஆகிவிடும். தலைமையாசிரியைக்கு வேறு கோளாறே வேண்டாம்.

"ஏங்க," என்றாள். "அந்த நாலு பேர் பேப்பர் உங்க அக்கா கையில இருக்கில்ல. நான் இன்னும் அதைப் பாக்கலை. பாக்காமலே சொல்றேன், சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. கேள்வித்தாள்ல என்ன மணி கேட்டிருக்காங்கன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

பெரிய டீச்சர் கொஞ்சம் யோசித்தாள். தேர்வு முடிந்த பின் கேள்வியைச் சொல்வது குற்றமில்லை.

"மூணே கால்."

"எட்டே முக்கால்னு எழுதியிருப்பாங்க."

தாள்கள் புரண்டன. நாலு தாளிலும் எட்டே முக்கால்.

"ஒரு மணி."

"பதினொண்ணு."

நாலு தாளிலும் பதினொன்று.

"நாலரை."

"ஏழரை."

"பத்து பத்து."

சின்ன டீச்சர் ஒரு கணம் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் விரித்து, மாற்றிப் பார்த்தாள். "ஒண்ணு அம்பது."

பெரிய டீச்சரின் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. மேலே தள்ள மறந்து கடைசிக் கேள்வியைச் சொன்னாள். "ஆறு."

"ஆறு மட்டும் சரியா இருக்கும். ஆறு நேரா கீழ இருக்கு, எந்தப் பக்கம் புரட்டினாலும் மாறாது."

சரியாக இருந்தது.

மாஸ்டர் பெஞ்சிலிருந்து எழப் பார்த்தான். முழங்கால் விடவில்லை. "அக்கா, காப்பி அடிச்சு ஜெயிக்கணும்னு ஒரு கூட்டம் கூடினா, பதில் சொல்ற ஆளுங்களே அஞ்சுல நாலை இப்படித் தப்பா எழுதுவாங்களா?"

"நீ சும்மா இரு. நீ தூது மட்டும்தான்." பிறகு முதல் முறையாக நேராகச் சின்ன டீச்சரைப் பார்த்தாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"விதி ஒன்பது, அக்கா," என்றான் மாஸ்டர்.

"உன் பொண்டாட்டிக்கு எப்படித் தெரியும்னு கேளு."

"சொன்னாப் புரியாதுங்க," என்றாள் சின்ன டீச்சர். "எழுந்து நிக்கச் சொல்லுங்க."

இருபத்திரண்டு வருடமாகப் பெரிய டீச்சரை வகுப்பறையில் எழுந்து நிற்கச் சொன்னவர் யாரும் இல்லை. எழுந்து நின்றாள். சின்ன டீச்சர் கரும்பலகைக்கு முன்னால் வந்தாள். கணவனைத் தனக்கு எதிரில் நிறுத்தினாள். நாத்தனாரைத் தனக்குப் பின்னால்.

"நான் என்ன பண்றேனோ அதையே பண்ணுங்க. யோசிக்கக் கூடாது. மணி மூணு."

கையை நீட்டினாள். இருவரும் நீட்டினார்கள்.

"அப்படியே வச்சுக்கிட்டுத் திரும்பி, ஒருத்தரை ஒருத்தர் பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க."

பெரிய டீச்சர் நீட்டிய கையோடு நடந்து போய்த் தம்பிக்குப் பக்கத்தில், அவன் பார்க்கும் திசையையே பார்த்து நின்றாள். அவன் வலது கையை நீட்டியிருந்தான். அவள் இடது கையை. நடுவில் இடம் போதாததால் அவள் தோள் அவன் மேல் இடித்தது. தன் கையை அவள் ஏதோ வேறு யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் போலப் பார்த்தாள்.

"எனக்கு மூணு இந்தப் பக்கம்னு தோணுது," என்றாள் மெதுவாக.

"ஒரே தடவைதான் சொல்லிக்கொடுத்தேன் அண்ணி. அதுக்கே தோணுது. அவங்களுக்கு நாலு மாசம்."

கை கீழே இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"தப்பு அவங்களது இல்லை," என்றாள் சின்ன டீச்சர். இப்போது தூது வழியாகச் சொல்லவில்லை. "நான் நின்ன இடத்தோட தப்பு. அதையே எழுதுங்க. பசங்க பேர்ல அந்த வார்த்தை வேண்டாம்."

"அதை எழுதினா உன் க்ளாஸ் என்னாகும்னு தெரியுமில்ல?" பெரிய டீச்சரும் தூதை மறந்துவிட்டாள்.

"தெரியும்."

"பெஞ்செல்லாம் நடுவுக்கு வந்துடும்."

"வரட்டும். நூலக ரூம்ல நாற்காலியாவது நிறைய இருக்கு."

பெரிய டீச்சர் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். அடித்தாள். எழுதினாள். சிவப்பு மையை எடுத்தாள், வைத்துவிட்டு நீல மையை எடுத்தாள். ஐந்து இருபதுக்குப் படிவம் முடிந்தது. மாஸ்டர் தோளுக்கு மேல் எட்டிப் படித்தான்.

'முறைகேடு நடந்ததா: இல்லை. மாணவர்கள் அசைந்தது உண்மை. மற்றவருக்குச் சொல்ல அசையவில்லை, தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள அசைந்தனர். இருபத்து நாலு பேர் சரியாகக் கற்றதைச் சரியாக எழுதினர். நாலு பேர் தவறாகக் கற்பிக்கப்பட்டதைக் கொஞ்சமும் பிசகாமல் எழுதினர். தவறு ஆசிரியை நின்ற இடத்தில். கற்பித்த முறையில் கண்காணிப்பாளர் தவறு காணவில்லை. அதைத் தாமே செய்து பார்த்தார்.'

"கடைசி வரி வேணுமாக்கா?"

"உண்மைதானே."

"இல்ல, ஆபீசுல படிச்சா நீ கை தூக்கி நின்ன மாதிரி—"

"நின்னேன்."

"இதுல என் பேரு கெடுது," என்றாள் சின்ன டீச்சர், படித்துவிட்டு. ஆனால் குரலில் புகார் இல்லை.

"பேரு எங்க கெடுது. ஆபீசுக்கு உன் பணி எண்தான் தெரியும். அது கெட்டுட்டுப் போகட்டும்."

படிவத்தைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அனுப்பியதும் பெரிய டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டு, விதிமுறைத் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டாள். "டீ இருக்கா இந்த ஸ்கூல்ல? காலைல இருந்து உன்கிட்ட கேக்க முடியாம நாக்கு வறண்டு போச்சு."

சின்ன டீச்சர் ப்ளாஸ்க்கைத் திறந்து ஊற்றிக் கொடுத்தாள். மாஸ்டருக்கு மூடியில் கிடைத்தது.

டீ பாதி இறங்கும்போது ஆபீசிலிருந்து போன். விடுமுறைக் கடிதத்துக்குப் பதினோரு நாள் எடுக்கும் ஆபீஸ் பதினோரு நிமிடத்தில் கூப்பிட்டது. பெரிய டீச்சர் "சார்" என்றாள். "சரி சார்" என்றாள். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு "சரி சார்" சொல்லி வைத்தாள்.

"என்ன அண்ணி?"

"இருபத்து நாலு பேர் தேர்வு செல்லும். யார் மேலயும் முறைகேடு இல்லை."

சின்ன டீச்சர் சுவரில் சாய்ந்துகொண்டாள். இத்தனை நேரம் நின்றுகொண்டிருந்ததே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"மீதி நாலு பேருக்கு வியாழக்கிழமை மறுதேர்வு. ஆபீசரே நேர்ல வராராம். நாலு பேரும் பாஸ் பண்ணினா உன் க்ளாஸ் இப்படியே இருக்கலாம், உங்க ஹெட்மிஸ்ட்ரஸுக்கும் அவரே சொல்லிடறாராம். ஒருத்தர் போனாலும் பெஞ்சு நடுவுக்கு வந்துடும்."

"அவ்வளவுதானே? மூணு நாள் இருக்கு. கடிகாரத்தை நாளைக்கே திருப்பி நிக்க வச்சு—"

"கடிகாரம் கிடையாது. அதை இப்ப சொல்லிக்கொடுத்துடுவீங்கன்னு அவருக்குத் தெரியாதா. வேற பாடம்." பெரிய டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தாள். "வரைபடம். திசைகள்."

சின்ன டீச்சர் சுவரிலிருந்து நிமிர்ந்தாள்.

"திசை நடத்திட்டியா?"

"போன மாசமே முடிச்சாச்சு. வடக்கு பாத்து நின்னா வலது கை கிழக்கு, இடது கை மேற்குன்னு."

"அப்ப அந்த நாலு பேர் எங்க நின்னாங்க?"

சின்ன டீச்சரின் கண் கரும்பலகைப் பக்கம் போய்த் திரும்பியது. அதுவே பதில்.

"நாலு மாசம் ஊறினது," என்றாள் பெரிய டீச்சர். "மூணு நாள்ல எப்படி இறக்குறது?"

"புதுசா வண்டி ஓட்ட வர்றவங்களைக்கூட ஒரு மாதிரி வழிக்குக் கொண்டுவந்துடலாம்," என்றான் மாஸ்டர். "தப்பாப் பழகிட்டு வர்றவங்கதான் கஷ்டம். முதல்ல அந்த நாலு பேரும் நாளைக்குக் காலைல ஸ்கூல் இருக்கற பக்கமா கிளம்பறாங்களான்னு பாருங்க."

இரண்டு டீச்சர்களும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்தார்கள். விதி ஒன்பது முடிந்த பிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

"நாளைக்கு எனக்கு லீவு போட்டுடறேன்," என்றாள் பெரிய டீச்சர்.

"எதுக்கு அண்ணி?"

"நீ எதிர்ல நில்லு. நான் அந்த நாலு பேரோட பின்னால நிக்கிறேன். எனக்குத்தான் இப்ப மூணு எந்தப் பக்கம்னு அவங்களை மாதிரியே குழப்பமா இருக்கு. எங்க சறுக்குதுன்னு எனக்குத் தெரியும்."

புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினாள். முதல் வரிசை பெஞ்சை ஒரு முனையில் பிடித்தாள். சின்ன டீச்சர் மறுமுனையைப் பிடித்தாள்.

"எந்தப் பக்கம் தள்ளணும்?"

"வலப்பக்கம் அண்ணி," என்று சின்ன டீச்சர் இடது கையை நீட்டினாள்.

பெரிய டீச்சர் அந்தக் கையைப் பார்த்தாள். பெஞ்சைக் கீழே வைத்தாள்.

"இங்க ஆரம்பிக்கலாம்," என்றாள். "முதல்ல உன்னைத் திருத்துவோம்."